ஓட்டை போடும் கவுண்டர்

புதுப் பாத்திரம் விற்கிறவருக்கு வாடிக்கையாளரின் ஆசை தெரியும். பழைய பாத்திரம் வாங்குகிறவளுக்கு அவருடைய அடுப்படியே தெரிந்துவிடும். நான் இரண்டாவது ரகம். தி.நகரில் ஒரு பெரிய பாத்திரக் கடையின் முதல் மாடியில், 'எக்சேஞ்ச்' என்று பலகை தொங்கும் மேஜைக்குப் பின்னால் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். பழைய குக்கர், பழைய தவா, பழைய வாணலி எதைக் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொண்டு, புதுப் பொருளின் விலையில் கொஞ்சம் கழித்துச் சீட்டு எழுதித் தருவது என் வேலை.

கூடவே இன்னொரு வேலையும் உண்டு. வாங்கிய பழைய பொருள் மறுபடி எங்கேயும் விற்பனைக்குப் போய்விடக் கூடாது என்பது கடைச் சட்டம். அதனால் அதைக் கவிழ்த்துப் போட்டு, உளியை வைத்துச் சுத்தியலால் ஒரே போடு. அடியில் ஓட்டை விழுந்தால்தான் கணக்கு முடியும். இதை வாடிக்கையாளர் கண்ணெதிரில் செய்ய வேண்டும். கேஸ்கட்டை ஃப்ரீசரில் வைத்து இன்னும் ஒரு மாதம் ஓட்டியவர்களும், ஆடுகிற கைப்பிடிக்கு நூல் சுற்றிச் சமாளித்தவர்களும்தானே இதைப் படிக்கிறீர்கள்? அந்தச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்று கைப்பிடி கண்ட குக்கர்

ஆடித் தள்ளுபடி சமயம். மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வந்தார். அறுபதைத் தாண்டியிருப்பார். துணிப்பையிலிருந்து ஓர் அலுமினியக் குக்கரை எடுத்து மேஜைமேல் வைத்தார். வைத்த விதத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தூக்கிப்போட வந்தவர்கள் பொருளை இப்படி ஓசைப்படாமல் வைப்பதில்லை. "முப்பத்தோரு வருஷம் ஆச்சு. பழசெல்லாம் வெடிச்சுடும்கறான் எம்பிள்ளை. குடுத்துட்டுப் புதுசு வாங்கிண்டு வான்னுட்டான்" என்றார்.

குக்கர் செத்துவிட்டதா என்று பார்க்க என்னிடம் இரண்டு சோதனைகள் உண்டு. கண்ணாடி மேஜைமேல் வைத்து ஓரத்தில் விரலால் அமுக்கினால் ஆடக் கூடாது. ஆடினால் அடி உப்பிவிட்டது என்று அர்த்தம். மூடியைப் பூட்டிக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தால் சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். மாமியின் குக்கர் அசையவே இல்லை. மூடி, நேற்று வாங்கியதுபோலப் பூட்டிக்கொண்டது. உள்ளே எட்டிப் பார்த்தேன். அடியில் பொட்டுக் கறுப்பு இல்லை. நான் வாங்கி நான்கே வருஷமான என் வீட்டுக் குக்கர் ஞாபகத்துக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

"என்ன மாமி பண்ணீங்க இதுக்கு?" என்று கேட்டேன். "ஒண்ணும் பண்ணலையே. சமையல் ஆன கையோட கேஸ்கட்டைக் கழட்டி அலம்பி ஆணில மாட்டிடுவேன். அடில விடற ஜலத்துல, சாறு எடுத்த புளிச்சக்கை ரெண்டு போட்டுடுவேன், கறுக்காது. கைப்பிடி மூணு தரம் மாத்தியாச்சு. வெயிட்டை மட்டும் ஆத்துல யாரையும் தொட விட்டதில்லை" என்றார். முப்பத்தோரு வருஷம், நாளுக்கு ஒருமுறையாவது அந்தக் கேஸ்கட் ஆணிக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. பெருக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "இது இன்னும் நல்லா உழைக்கும் மாமி, எடுத்துட்டுப் போங்க" என்றேன். பிள்ளை சொல்லிவிட்டான் என்று அவர் பிடிவாதமாக நின்றார். வேறு வழியில்லாமல் உளியையும் சுத்தியலையும் கையில் எடுத்தேன். மாமி மெதுவாகச் சொன்னார்:

"அடிக்கறச்சே சொல்லுங்கோ, நான் அந்தப் பக்கம் திரும்பிண்டுடறேன்."

அண்ணாச்சியின் கேள்வி

அந்தக் குக்கரை நான் அடிக்கவில்லை. ஒரு புதுக் கேஸ்கட்டை எடுத்து அதற்குள்ளே போட்டு, "உங்க பிள்ளைகிட்ட கடையில சோதிச்சுப் பாத்தாச்சுன்னு சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். முதலாளி அண்ணாச்சி இதைப் படிக்கட்டுப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தென்காசிப் பக்கத்துக்காரர். சத்தம் போடவே மாட்டார். அவர் குரல் தாழத் தாழத்தான் கடையில் மற்றவர்களுக்குப் பயம் ஏறும்.

மாமி முதல் ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த மாதத்தில் மட்டும் இரண்டு இட்லிக் குண்டான், ஒரு வெண்கல உருளி, தோசைக்கல் ஒன்று என்று நல்ல நிலையில் வந்ததையெல்லாம் நான் திருப்பி அனுப்பியிருந்தேன். தீபாவளி வரைக்கும் பார்ப்பதாகவும், அதற்குள் நான் திருந்தாவிட்டால் மூன்றாவது மாடிக்கு மாற்றிவிடப் போவதாகவும் சொன்னார். மூன்றாவது மாடி பிளாஸ்டிக் பிரிவு. வாளி, மக்கு, கூடை. ஆறு மாதத்தில் விளிம்பு உடைகிற வாளியை "வருஷக்கணக்கா வரும் மேடம்" என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். எனக்குப் பொய் சொல்ல வராது. நல்ல குணம் என்பதால் அல்ல, சொன்னால் முகத்தில் தெரிந்துவிடும் என்பதால். எனக்கு இந்த நாற்காலிதான் வேண்டும். ஊரின் அடுப்படிகளெல்லாம் என்னைத் தேடி வருகிற இடம் இது ஒன்றுதான். "திருந்திடறேன் அண்ணாச்சி" என்றேன். அவர் நம்பவில்லை. மாடிப்படி இறங்கும்போது நின்று கேட்டார்:

"விஜயாம்மா, நாம வச்சிருக்கது கடையா, ஆஸ்பத்திரியா?"

தலையில் வைத்துப் பார்த்தல்

திருந்துவதென்று முடிவெடுத்த மறுவாரம், எங்கள் கொட்டிவாக்கம் குப்பத்திலிருந்து மீன் விற்கிற கன்னியம்மா வந்தாள். பஸ்ஸில் பார்த்துப் பழக்கம். மீன் எடுத்துப் போக ஓர் அலுமினிய அன்னக்கூடை வேண்டுமாம். எக்சேஞ்சில் எடுத்தால் விலை குறையும் என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன். ஓர் உருப்படியாவது என் கணக்கில் சேருமே என்று ஆசை.

நாமெல்லாம் பாத்திரம் எப்படி வாங்குகிறோம்? பளபளப்பைப் பார்ப்போம், விலைச் சீட்டைப் பார்ப்போம், வேண்டுமானால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்போம். கன்னியம்மா பத்தொன்பது கூடைகளைக் கீழே இறக்கச் சொன்னாள். ஒவ்வொன்றின் விளிம்பையும் சுற்றி விரலை ஓட்டினாள். விளிம்பை உருட்டி மடித்த இடத்தில் நகம் மாட்டினால் அது தள்ளுபடி. அடியில் கட்டைவிரலால் அமுக்கினாள். உள்வாங்கினால் தள்ளுபடி. மூன்று மிஞ்சின. அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகத் தலையில் வைத்து, உள்ளே எங்கள் இரும்புத் தோசைக்கல் ஆறை என்னை அடுக்கச் சொன்னாள். பிறகு கையை விட்டுவிட்டு, மாடிப்படி இறங்கிக் கீழ்த்தளம் போய், நகைச்சீட்டுக் கூட்டம்போல முண்டுகிற ஆடிக் கூட்டத்துக்குள் புகுந்து, திரும்பி மேலே வந்தாள். மூன்று முறையும் அப்படித்தான். ஒரு கல்லும் 'டிங்' என்றுகூடச் சொல்லவில்லை. எங்கள் மாடியில் வியாபாரமே நின்றுவிட்டது. எல்லோரும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாய்க்குள் ஈ போனால்கூட எனக்குத் தெரிந்திருக்காது.

"இது கயுத்த இஸ்துகினு போவுது, அது ஆடுது, இதான் ஒக்காருது" என்று மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தாள். எனக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. சீட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டு, "பழைய கூடை எங்க கன்னியம்மா?" என்று கேட்டேன். அவள் என்னை ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அதுல கோயி அட காத்துகினு கீது. உன் ஆஃபருக்காவ அத்த எய்ப்பி உட முடியுமா?"

அடையாறு தோசை

ஐ.டி.யில் வேலை செய்கிற ஓர் இளம் தம்பதி அடையாறிலிருந்து நான்ஸ்டிக் தவா ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இரண்டு வருஷத்தில் இது மூன்றாவதாம். கறுப்புப் பூச்சு செதில்செதிலாக உரிந்திருந்தது. "எதைப் போட்டுத் தேய்க்கிறீங்க?" என்றேன். கணவன் பெருமையாகக் கம்பி நாரின் படத்தை ஃபோனில் காட்டினான். உளியை வைத்தேன், அப்பளம்போலப் போயிற்று. அண்ணாச்சி சொன்னபடி அடுத்த தவாவைத் தலையில் கட்டியிருக்க வேண்டும். நாக்கு கேட்கவில்லை. இரும்புக் கல் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தேன். விலை மூன்றில் ஒரு பங்கு.

அரிசி கழுவிய தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போடு, துடைத்து எண்ணெய் தடவிக் காயவை, பாதி வெங்காயத்தால் தேய், மறுபடி எண்ணெய், மறுபடி வெங்காயம், நாலைந்து நாள் இப்படி. இந்தக் கல்லில் சப்பாத்தி போடவே போடாதே, அதற்கு வேறு கல். சோப்பு காட்டாதே. இவ்வளவும் சொன்னேன். அந்தப் பெண், "இவரால இதெல்லாம் ஆகாது மேடம், செடிக்கே தண்ணி ஊத்த மாட்டார்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பையன் வந்தான், நண்பர்கள் நான்கு பேரோடு. எல்லோருக்கும் இரும்புக் கல் வேண்டுமாம். ஃபோனை என் முன்னால் நீட்டினான். கல்லின் படம், தோசையின் படம். விளிம்பு தானாகவே எழும்பிப் பொன்னிறமாக நிற்கிறது. முதல் தோசை பிய்ந்த படமும் வைத்திருந்தான். நாள் தவறாமல் எடுத்திருக்கிறான். ஒவ்வொரு படமாக நகர்த்த நகர்த்தக் கல் கறுத்துக்கொண்டே வருகிறது, தோசை முழுசாகிக்கொண்டே வருகிறது. படிக்கிற பிள்ளை வளர்வதைப் பார்ப்பதுபோல இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோசைக்காக அழுதவள் இந்தக் கடையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "ரொம்ப நல்லா வந்திருக்கு தம்பி" என்றேன். அவன் அடக்கமாகச் சொன்னான்:

"இது நாற்பத்தி ஒண்ணாவது மேடம். முன்னாடி பிஞ்சு போன நாற்பதையும் நானேதான் சாப்பிட்டேன்."

சாம்பார் சொட்டிய நாள்

என் தொழிலில் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்று உண்டு. அதை நான் செய்தேன். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். மேஜைமேல் பழைய சாமான் மலைபோலக் குவிந்து கிடந்தது. ஒரு கையால் சீட்டு எழுதுவது, மறு கையால் இழுத்து அடிப்பது என்று ஓடிக்கொண்டிருந்தேன். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்று கைக்கு வந்தது. கொஞ்சம் கனமாக இருக்கிறதே என்று தோன்றியது, ஆனால் யோசிக்கவில்லை. கவிழ்த்தேன், அடித்தேன். ஓட்டை விழுந்தது. உள்ளே இருந்து மூடி வழியாகச் சாம்பார் சாதம் மேஜைமேல் வழிந்து, சீட்டுப் புத்தகத்தின்மேல் சொட்டியது.

அது எக்சேஞ்சுக்கு வந்ததில்லை. வடபழனியில் சினிமா செட் போடுகிற வெல்டர் ஒருவர், மனைவிக்கு இட்லிப் பானை பார்ப்பதற்காகத் தன் மதியச் சாப்பாட்டை ஒரு நிமிஷம் மேஜைமேல் வைத்திருந்தார். அண்ணாச்சி கீழே இருந்து ஏறி வந்து, சாம்பாரைப் பார்த்து, என்னைப் பார்த்து, மூன்றாவது மாடி இருக்கும் திசையில் நிமிர்ந்து பார்த்தார். புது டிபன் பாக்ஸ், எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்த மனிதரிடம் கெஞ்சினோம். அவர் புதியதைத் தூக்கிப் பார்த்தார், தகட்டை விரலால் நெளித்துப் பார்த்தார், வேண்டாம் என்று திரும்ப வைத்தார். ஓட்டை டிபன் பாக்ஸைக் குழாயில் கழுவிக்கொண்டு, எதிரே ஓட்டலில் சாப்பிடப் போய்விட்டார்.

நான்கு நாள் கழித்து அவரே வந்தார். டிபன் பாக்ஸைக் கவிழ்த்துக் காட்டினார். ஓட்டை இருந்த இடத்தில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் ஒட்டு. நகத்தால் தடவினேன். ஒட்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களைத்தான் மதிக்க வேண்டும் என்று வளர்ந்தவள் நான். அன்றைக்கு அந்த ஒட்டைக் கும்பிடலாம்போல இருந்தது. "செட்டுல எல்லாத்தையும் இவ்வளவு நல்லாவா ஒட்டுவீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"செட்டுல அரமனை பத்து நாள் நின்னா போதும்க்கா. இது நான் வேலைய உட்டு நிக்கற வரிக்கும் நிக்கணும், அதான் கொஞ்சம் பாத்து ஒட்னேன்."

உளி மழுங்கிய கல்

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், அண்ணாச்சி ஒரு ஸ்டூலைப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "இன்னும் ஒரு பொருளைத் திருப்பி அனுப்பினீங்கன்னா, நாளைக்கு மூணாவது மாடிக்குப் போயிருங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்த வாரம் மயிலாப்பூர் மாமிகூட வந்தார். குக்கரைத் திரும்ப எடுத்துப் போன பிறகு அது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்து, எந்தக் குக்கர் வாங்க வேண்டும் என்று என்னைக் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார். அண்ணாச்சி பக்கத்தில் இருந்ததால் நான் மாமியிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்போதுதான் பாலவாக்கத்திலிருந்து செல்வி என்று ஓர் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். வீட்டு வாசலில் மாலை டிபன் கடை போடுகிறவர். சாக்கில் சுற்றி, ஆட்டோக்காரரும் அவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மேஜைமேல் இறக்கியது ஒரு தோசைக்கல். கட்டைவிரல் தடிமன். ஒரே நேரத்தில் ஆறு தோசை வார்க்கலாம். முப்பது வருஷ எண்ணெயும் நெருப்பும் ஏறி, என் முகம் தெரிகிற அளவுக்குக் கறுத்து மின்னியது. சிலிண்டர் தூக்க அம்மாவுக்குச் சிரமம் என்று மகன் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வைத்துவிட்டானாம். இது லேசாகக் குழிந்த கல், அதனால் அந்த அடுப்பில் உட்காரவில்லை. மகன் மாற்றிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறான்.

அந்தக் கல்மேல் கை வைத்தேன். கை எடுக்க வரவில்லை. இதைவிட நல்ல கல் எங்கள் கடையில் இல்லை, தி.நகர் முழுக்கத் தேடினாலும் இல்லை. இதைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார். நாற்காலி, மாடிப்படி, மக்குகள் எல்லாம் கண்முன் வந்து போயின. பயந்துவிட்டேன். செல்வியம்மாவின் முகத்தைப் பார்க்காமல் உளியை வைத்து அடித்தேன். 'ணங்' என்று கோயில் மணிபோல ஒரு சத்தம். மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கல்லில் ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு அடி. உளியின் நுனி மடங்கிவிட்டது. "தள்ளுங்க" என்று அண்ணாச்சி சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார். அந்தக் காலத்தில் மூட்டை தூக்கிய உடம்பு அவருக்கு. ஏழெட்டு அடி அடித்தார். உளி மழுங்கியது, அவர் கை மரத்துப் போயிற்று, வேர்வை காதோரம் இறங்கியது. கல்லில் கடுகளவு ஒரு புள்ளி. அவ்வளவுதான். செல்வியம்மா நிதானமாகச் சொன்னார், "முப்பது வருசமா நானும் தினம் கரண்டியால அதத் தட்டிட்டுத்தான் இருக்கேன் அண்ணாச்சி. தோசையத் தவிர ஒண்ணும் வரல."

முதலில் சிரித்தது அண்ணாச்சிதான். பிறகு சிரிப்பு நின்று, அந்தப் புள்ளியை விரலால் தடவிப் பார்த்தார். இரும்பையும் தகரத்தையும் நாற்பது வருஷமாக விற்கிற மனிதர், அதைத் தொடப் பயப்படுவதுபோலத் தொட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆளைக் கூப்பிட்டுக் கல்லைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றச் சொன்னார். சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு போக, சக்கரம் வைத்த தாங்கி ஒன்றைக் கீழ்த்தளத்திலிருந்து வரவழைத்து, அதைச் செல்வியம்மாவுக்குக் கொடுத்தார். இனி என்னைத்தான் மூன்றாவது மாடிக்கு அனுப்புவார் என்று மேஜையை ஒழுங்குசெய்ய ஆரம்பித்தேன். சீட்டுப் புத்தகத்தில் இன்னும் சாம்பார்க் கறை இருந்தது. மூக்குக் கண்ணாடிக் கூடு, தண்ணீர் பாட்டில், அதையெல்லாம் பையில் போட்டேன். அண்ணாச்சி ஸ்டூலை எடுத்துக்கொண்டு படிக்கட்டு வரை போய், திரும்பினார்.

"பைய ஏன் கட்டுதீங்க? நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன், நீங்க திருப்பி அனுப்பினவங்கல்லாம் நாலு பேரக் கூட்டிட்டு வாறாங்க, நாம வித்து அனுப்பினவங்கதான் சண்டைக்கு வாறாங்க. இனிமே செத்தத மட்டும் எடுங்க, உசுரோட இருக்கதுக்குக் கேஸ்கட்டு மாத்திக் கொடுங்க."

உண்மையிலேயே செத்துப்போன பாத்திரங்களெல்லாம் வரும்போதே ஓட்டையோடுதான் வருகின்றன என்பதால் எனக்கு இப்போது அடிக்கிற வேலையே இல்லை. நான் முதல் மாடியிலேயே இருக்கிறேன், சுத்தியல்தான் மூன்றாவது மாடிக்கு மாற்றலாகிப் போய், பிளாஸ்டிக் மக்குகளைத் தொங்கவிட ஆணி அடித்துக்கொண்டிருக்கிறது.